வேலாயுதம் மச்சானின் கரண்டு சுருட்டு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். இருந்தும் ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது. நான் கருப்பையா. எழுபத்தோரு வயதில் எழுதக் கற்றுக்கொண்டவன். ஒரு சொல்லை எழுதி முடித்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனால் இந்தத் தடவை எழுத உட்கார்ந்திருப்பது சந்தோஷமான விஷயத்துக்காக அல்ல.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் போனில் பேசினால் சத்தம் விட்டுவிட்டுத்தான் வரும். மெசேஜ் மட்டும் ஒழுங்காக வந்து சேரும். எனக்கு வரும் மெசேஜைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் யாராவது படித்துச் சொல்வார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதல் சொல் ‘மாமா’. எனக்கு வந்ததை நானே படிக்கிறேனே என்று சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது சொல் ‘அப்பா’. அதையும் படித்துவிட்டேன். மூன்றாவது சொல் நீளமாக இருந்தது. அதைக் கூட்டி முடிக்க நேரம் பிடித்தது. ‘தவறிட்டாங்க’ என்று முடிந்தபோது சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

அனுப்பியவள் புஷ்பா, என் தங்கை காமாட்சியின் மகள். நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தாள். தவறியவர் என் தங்கையின் கணவர், என்னோடு முப்பத்திரண்டு வருஷம் ஒரே இடத்தில் வேலை செய்த வேலாயுதம் அவர்கள்.

எழுத்துக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நாங்கள் எழுதும் பக்கங்களை டீச்சர் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுகிறார். மச்சானைத் தெரிந்தவர்களும் அதைப் படிப்பார்கள், தெரியாதவர்களும் படிப்பார்கள். இரண்டு பேருக்குமாகத்தான் எழுதுகிறேன். வேலாயுதம் மச்சான் கடைசியாக என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார். அவருடைய கருமாதிப் படையலில் சுருட்டு வைக்கக் கூடாது. கேட்டால் சின்னக் காரியம் போலத்தான் இருக்கும். அது எவ்வளவு பெரிது என்பது அவர் வாழ்ந்த விதத்தைச் சொன்னால்தான் விளங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரில் இலையைச் சூட்டுக் காற்றில் காய வைக்கும் டிரையரில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் இலை ஏற்றும் பக்கம், அவர் தூள் விழும் பக்கம். விழுகிற தூளை உள்ளங்கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். உடனே அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்.

“மச்சான், கனமாப் போடுற! அவிஞ்சு போகுதுய்யா!”

கொஞ்சம் மெல்லியதாகப் பரப்பினால், “இப்பக் கருகுது! தூங்கிட்டியா?” என்பார்.

சூடு பார்க்க மீட்டர் இருந்தது. தூள் பக்குவத்தை மேற்பார்க்கும் டீமேக்கர் ஐயா வந்தால் முதலில் மீட்டரைப் பார்ப்பார். பிறகு வேலாயுதத்தின் மூக்கைப் பார்ப்பார். மூக்கு சுருங்கியிருந்தால் மீட்டர் என்ன காட்டினாலும் அடுப்பைக் குறைக்கச் சொல்லிவிடுவார்.

அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவர் சுருட்டுக் குடித்தார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். ஸ்டோருக்குள் ஒரு நாளும் பற்றவைத்ததில்லை. தேயிலை எந்த வாடையையும் பிடித்துக்கொள்ளும். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உள்ளே வருவார்.

என் தங்கையைப் பெண் கேட்டு வந்தபோதும் சுருட்டுப் பேச்சுதான் முதலில் வந்தது.

“சுருட்டுக் குடிப்பியாப்பா?” என்று எங்கள் அப்பா கேட்டார்.

“குடிப்பேனுங்க.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“மூணுங்க.”

“மறைக்காமச் சொல்றான். பொண்ணக் குடுக்கலாம்,” என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மூன்று ஏழானது கல்யாணத்துக்குப் பிறகு. காமாட்சி அதைப் பற்றிப் பேச்செடுத்தால், “ஒங்கப்பா கேட்டப்ப மூணுதான். பொய் சொல்லல,” என்பார்.

ஸ்டோர் வேலையை விட்டு நின்ற பிறகு இருமல் பிடித்தது. பஸ் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நிற்பார். நிற்பதை மறைக்க ஒவ்வொரு இடத்திலும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். என் பதில் முடிவதற்குள் மூச்சு திரும்பிவிடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் “எபா, எபா” என்று இரண்டு தரம் சொன்னார். வேண்டாம், வேண்டாம் என்று. வேறொன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு விளங்கிவிட்டது.

வேலாயுதம் அவர்கள் விட முயன்றார். வெற்றிலைக்கு மாறினார். பத்து நாள் கழித்து, “வெத்தலையப் போட்டா சுருட்டு ஞாபகம் வருது. சுருட்டு குடிச்சா வெத்தலை ஞாபகம் வருது. இப்ப ரெண்டும் நடக்குது மச்சான்,” என்றார். இப்படி ஐந்தாறு முறை விட்டு, ஐந்தாறு முறை தொட்டார்.

அப்போதுதான் துபாயில் வேலை செய்யும் புஷ்பாவின் கணவர் லீவில் வந்தார். மாமனாருக்கு ஒரு சாமான் கொண்டுவந்தார். வேப் என்று அதற்குப் பெயர். எங்கள் லயத்தில் அதைக் கரண்டு சுருட்டு என்றே சொன்னார்கள். இரண்டு தீப்பெட்டி சேர்ந்த அளவு. அடியில் பெட்டரி, மேலே ஒரு சின்னக் கண்ணாடி டேங்க். டேங்குக்குள் இரண்டு குட்டித் திருகாணிகளுக்கு நடுவில் சுருள் கம்பி. அதற்குக் காயில் என்று பெயர். காயிலுக்குள் பஞ்சு. டேங்கில் ஊற்றும் புகையிலைச் சத்து லிக்விட்டில் பஞ்சு ஊறியிருக்கும். பொத்தானை அமுக்கினால் கம்பி சூடாகி, பஞ்சிலிருந்து ஆவி வரும். அதை வாயால் இழுக்க வேண்டும். எவ்வளவு சூடு என்பதை வாட் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம்.

“ரெடிமேட் காயில் இங்க கெடைக்காது மாமா. அதான் நீங்களே சுத்துற மாதிரி வாங்கிட்டு வந்தேன்,” என்றார் மருமகன். கம்பியும் பஞ்சும் ஒரு டின் நிறையக் கொடுத்தார். ஒரு மாதத்தில் துபாய்க்குத் திரும்பிவிட்டார்.

முதல் நாட்கள் மோசம். காயில் சுற்றினார், பஞ்சு வைத்தார், சூட்டை நாற்பதில் வைத்து இழுத்தார். தலையணை எரிகிற வாடை. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். அடுத்த நாள் சூட்டைக் குறைத்தார். அது கொதிக்கிற சட்டி மாதிரிக் குளகுளவென்று சத்தம் போட்டு லிக்விட்டை வாயில் துப்பியது.

“இதுக்கு அந்தச் சனியன் சுருட்டே தேவலாம்,” என்றாள் காமாட்சி.

ஒரு வாரம் அவர் அதைத் தொடவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் காம்பராவுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“மச்சான், இது நம்ம டிரையருய்யா. சின்னதாப் பண்ணி வச்சிருக்கான், அவ்வளவுதான். மெல்லிசுக் கம்பிக்குப் பெரிய சூடு குடுத்தேன், கருகிருச்சு. அப்புறம் பஞ்ச அள்ளி வச்சுட்டு சூட்டக் கொறைச்சேன், அவிஞ்சு போச்சு. கம்பி, பஞ்சு, சூடு. ஒண்ண மாத்துனா மத்த ரெண்டையும் மாத்தணும்.”

அதன் பிறகு வாசல் வெளிச்சத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். கம்பியை ஆறு சுற்றுச் சுற்றுவார், எட்டுச் சுற்றுச் சுற்றுவார். பஞ்சு வைக்கும் முன் வெறும் கம்பியைக் குறைந்த சூட்டில் விட்டு விட்டு அமுக்கி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சிவக்கிறதா என்று பார்ப்பார். பஞ்சை உள்ளே இழுக்கும்போது கம்பி லேசாக அசைய வேண்டும், கூடவே வந்துவிடக் கூடாது என்பார். பஞ்சின் நுனிகளை வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். அது லிக்விட்டைத் தொட வேண்டும், அடைத்துவிடக் கூடாது. கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, மூக்கைச் சுருக்காமல் இருந்தால் அன்றைய வேலை முடிந்தது.

அந்த மாதத்தில் சுருட்டு ஏழிலிருந்து இரண்டுக்கு வந்தது. தீபாவளிக்குள் நின்றே போய்விட்டது. பிறகு தொடவே இல்லை. நான்கு வருஷம்.

இடையில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதியாக வேண்டும். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. “நீ வையி மச்சான்” என்று பஞ்சை என்னிடம் கொடுத்தார். நான் மாரியம்மன் கோயிலுக்கு வருஷாவருஷம் கார்த்திகைக்குத் திரி திரித்துக் கொடுக்கிறவன். பஞ்சைக் கையில் எடுத்தால் விரல் தானாக முறுக்கும். கெட்டியாக, வழவழவென்று, சாமிக்கு வைப்பது போலவே திரித்து வைத்துக் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

ஒரே இழுப்பு. அவர் முகம் கறுத்துவிட்டது. இருமல் நிற்கவே இல்லை. காமாட்சி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே, என் கையாலேயே தங்கையின் வாழ்க்கையை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். எவ்வளவோ நேரம் கழித்துக் குரல் வந்தது.

“யோவ்… அம்மனுக்கா… வெளக்கேத்துற?”

காமாட்சி அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் உள்ளிருந்த திரியை வெளியே எடுத்துப் பிரித்து உதறினார்.

“வெளக்குத் திரி எரியணும் மச்சான். இது எரியவே கூடாது. நனைஞ்சுக்கிட்டே இருக்கணும். முறுக்குனா எப்படி நனையும்?”

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் நான்தான் அவருக்குப் பஞ்சு மாற்றினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. மருமகன் லீவில் வரும்போதெல்லாம் காரம் குறைந்த லிக்விட்டாகக் கொண்டுவரச் சொன்னார். கடைசி வருஷம் அதில் புகையிலைச் சத்து ஒன்றுமே இல்லை. வாசனைகூட இல்லை. “வெறும் ஆவிதான் மச்சான். ரயிலு மாதிரி,” என்பார். டாக்டர் இதையும் விடச் சொன்னார். அதற்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்.

ஆனால் அவர் நெஞ்சுக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. போன மாதம் மூச்சு இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வந்து நின்றது. ஏறும் முன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு வேண்டியிருந்தது.

“எங்கண்ணன் படையல்ல சுருட்டு வைப்பாரு. அப்பாவுக்கும் வச்சாரு. நீ விடாத.”

“என்ன பேச்சு இது? ரெண்டு நாள்ல வந்துருவ,” என்றேன்.

“கேளுய்யா. கண்ணு முன்னால வச்சா என்னால சும்மா இருக்க முடியாது. எடுத்துருவேன். நாலு வருசமும் வீணாப் போயிரும். நீ பாத்துக்க.”

வேனில் ஏறினார். திரும்பி வரவில்லை. வந்தது அந்த மெசேஜ்தான்.

பதினாறாம் நாள் கருமாதி. அவருடைய அண்ணன் சன்னாசி அவர்கள் மஸ்கெலியாவிலிருந்து முந்தின நாளே வந்துவிட்டார். எண்பது வயது. பெரிய காரியங்களில் அவர் சொல்வதுதான் முறை. மத்தியானம் இலை போட்டுச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்தாயிற்று. சன்னாசி அவர்கள் மடியிலிருந்து ஒரு கட்டுச் சுருட்டை எடுத்தார். நல்ல சுருட்டு. தேடி அலைந்து வாங்கியிருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது.

“அது வேணாங்க அண்ணே,” என்றேன்.

“எது?”

“சுருட்டு. வைக்கக் கூடாதுன்னு மச்சான் சொல்லிட்டுப் போனாரு.”

“யாருகிட்ட?”

“என்கிட்டங்க.”

“ஒன்கிட்ட மட்டும்.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நாப்பது வருசம் குடிச்சவன் கருப்பையா. அந்த ஆசையோடதான் போயிருப்பான். வைக்காட்டி வாசல்லயே சுத்திக்கிட்டு இருப்பான். எந்தம்பி அப்படி நிக்கிறதப் பாத்துக்கிட்டு நான் சாகணுமா?”

அவர் வீம்புக்குப் பேசவில்லை. தம்பி பசியோடு நிற்கக் கூடாது என்றுதான் பேசினார்.

காமாட்சி என்னைப் பார்த்து, “சுருட்டு, அவுங்க மெஷினு, ரெண்டையும் வச்சிருங்களேன் அண்ணே,” என்றாள்.

“ரெண்டையும் வச்சா அவரு எதை எடுப்பாருன்னு ஒனக்குத் தெரியாதா?” என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சன்னாசி அவர்கள் சுருட்டுக் கட்டைக் கையில் உருட்டினார். பிறகு சொன்னார்: “சரி. அந்த மெஷினக் கொண்டா. ஆனா செத்த சாமான எலையில வைக்கக் கூடாது. சுருட்டப் பத்தவச்சு வச்சா அது பாட்டுக்குப் பொகையும், அவன் எடுத்துக்குவான். இது பொகையுமா? பொகைஞ்சா என் சுருட்டத் திருப்பி மடியில வச்சுக்கிறேன். பொகையாட்டி நீ பேசக் கூடாது.”

புஷ்பா மெஷினை எடுத்துவந்தாள். பெட்டரியில் சார்ஜ் இருந்தது. பஞ்சு மட்டும் மூன்று வாரம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. கம்பியும் பஞ்சும் இருந்த டின்னைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மச்சானுக்கு ஐந்தாம் வகுப்புவரை படிப்பு. அந்தச் சீட்டை நான் எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு அது எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். இப்போது படித்தேன். அவர் கையெழுத்தை நான் படிப்பது அதுதான் முதல் தடவை.

‘6 சுத்து 22. 8 சுத்து 28. பஞ்சு இறுக்கக் கூடாது. மச்சான் வச்சா ஒருக்கா பாக்கணும்.’

கடைசி வரியை இரண்டு தரம் படித்தேன். இத்தனை சனிக்கிழமையும் நான் போன பிறகு அவர் திறந்து பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

டேங்கிலிருந்த காயிலை எண்ணினேன். ஆறு சுற்று. முறுக்காமல் புதுப் பஞ்சு வைத்தேன். லிக்விட் ஊற்றி ஊற விட்டேன். இருபத்திரண்டில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். ஆவி குபுக்கென்று வந்தது. அடுத்த நொடி கருகிய வாடை. சன்னாசி அவர்கள் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. கொஞ்சம்.”

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பிறகு ஏன் கருகுகிறது? கருகிய பஞ்சை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தியில் பட்டது. மச்சான் பொத்தானை அமுக்கும்போது கூடவே இழுப்பார். அந்தக் காற்று கம்பியைக் கடந்து போகும், சூட்டைத் தணிக்கும். இன்றைக்கு இழுக்க ஆள் இல்லை. ஆள் இல்லாதபோது எவ்வளவு சூடு என்பதை அவர் சீட்டில் எழுதி வைக்கவில்லை.

கம்பியைச் சுத்தம் செய்து மறுபடி பஞ்சு வைத்தேன். பதினாலுக்குக் குறைத்தேன். இன்னும் வாடை அடித்தது. பன்னிரண்டு. பத்து. ஒன்பதில் முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு, நூல் கனத்தில் ஒன்று மெதுவாக எழும்பியது. முகர்ந்து பார்த்தேன். கருகவில்லை.

மெஷினை இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினேன். வெள்ளையாக ஆவி எழும்பி, வாசலிலிருந்து வந்த காற்றில் வளைந்து மச்சானின் படத்துப் பக்கம் போனது.

சன்னாசி அவர்கள் குனிந்து மூக்கை உறிஞ்சினார். “வாசமே இல்லையே,” என்றார்.

காமாட்சிதான் பதில் சொன்னாள். “அவுங்க சட்டையிலயும் நாலு வருசமா ஒரு வாசமும் இல்லைங்க மூத்தவரே.”

அவர் சுருட்டுக் கட்டைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பொத்தானைத் தொடர்ந்து அமுக்கினால் பத்து எண்ணுவதற்குள் அது தானாக நின்றுவிடும். விட்டு மறுபடி அமுக்க வேண்டும். படையல் முடியும்வரை ஆவி நிற்கக் கூடாது என்று நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் மரத்துப்போனது. அப்போது சன்னாசி அவர்கள் கையை ஊன்றி, முழங்கால் மடக்கி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நகரு கருப்பையா. வெரலு செவந்து போச்சு. எங்க அமுக்கணும்?”

காட்டினேன். அவர் தம் பெரிய விரலைப் பொத்தான்மேல் வைத்தார்.

“தொடர்ந்து அமுக்காதீங்கண்ணே. விட்டு விட்டு.”

“தெரியும்யா,” என்றார். அவருக்குத் தெரியாது. ஆனால் சரியாகத்தான் அமுக்கினார். ஆவி எழும்பும்போதெல்லாம், சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர் மாதிரி அவர் வாயும் லேசாகத் திறந்தது.

நேற்று, இதுவரை எழுதியதைச் சன்னாசி அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவன் மொத நாள் ஸ்டோருக்குப் போறதுக்கு என் சட்டையத்தான் போட்டுக்கிட்டுப் போனான். முழங்கால் வரைக்கும் தொங்குச்சு. அத எழுதலையே நீ?” என்றார். எனக்கு அது தெரியாது. முழுக்கக் கேட்டு வைத்துக்கொண்டேன். அதை அடுத்த வாரம் எழுதுவேன்.

போய் வாருங்கள் மச்சான். இலையில் சுருட்டு வைக்கவில்லை.